இடப்பக்கம் சாயும் மீன்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். குளிரில் விரல் நுனி மரத்துப்போவதைத் தவிர வேறு புகார் இல்லை. உன் முழங்கால் என்ன சொல்கிறது? டாக்டர் கொடுத்த தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். "என்னை விட்டா உனக்கு எழுத யாருடா இருக்கா?" என்று கேட்பாய். அதுவும் சரிதான். இந்த டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறேனா இல்லையா என்று செப்டம்பர் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். இந்த முறை 'இல்லை' என்றுதான் போடப்போகிறேன். பதினாலு வருஷம் ஊரான் பம்புக்கு வாஷர் மாற்றியது போதும். வீட்டுக்கு வருகிறேன்.

வந்து என்ன செய்வாய் என்று கேட்பாய். சிரிக்காதே, பொய்மீன் செய்யப்போகிறேன். அப்பாவின் கார் ஷெட்டில் உட்கார்ந்து அந்தக் காலத்தில் செய்வோமே, அதேதான். மரத்தில் மீனாகச் செதுக்கி, உள்ளே கம்பி கோத்து, வயிற்றில் ஈயம் வைத்து, தாடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாக்கைச் செருகிவிட்டால், தண்ணீரில் இழுக்கும்போது உயிர்மீன் மாதிரி நெளியும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். அப்போதெல்லாம் வெயில் காலத்தில் மட்டும்தான் செய்ய முடிந்தது. மழை வந்தால் ஷெட் மூலையில் தண்ணீர் கசியும், பூச்சு காயாது, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவோம். இப்போது எனக்கு வருஷம் முழுக்க ஓடுகிற பட்டறை வேண்டும். மழையோ குளிரோ, காலையில் எழுந்தால் போய் உட்கார ஒரு பெஞ்சு இருக்க வேண்டும். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் உட்கார்ந்து நான் செதுக்குவதை மீன்பிடிக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிறார்கள். பிழைப்பு ஓடிவிடும்.

அப்பா வீட்டை உன் பெயருக்கு எழுதிய அன்று நீயே சொன்னாய்: "ஷெட்டு உனக்குடா. எப்ப வந்தாலும் பூட்டைத் தொறந்துக்க." அந்த ஒரு வார்த்தை இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் இந்த இரும்புக் கட்டிலில் தூங்கியிருக்கிறேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டின் நீளம், அகலம், ஜன்னல் உயரம் எல்லாம் அளந்து எழுது.

சின்னவனைப் பற்றி வழக்கம்போல ஒரு வரியும் வேண்டாம். முந்நூறு பேர் தொழிற்சாலை கேட்டில் வேலைநிறுத்தம் செய்து நின்றபோது, முப்பத்தோராவது நாள் மர லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு வேலைக்குப் போனவன் எனக்குத் தம்பி இல்லை. அவன் ஃபோர்மன் ஆனான். எங்களில் பன்னிரண்டு பேருக்கு வேலை போனது. இதற்கு மேல் எழுதினால் பேனா கொதிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் பழையபடிதான். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, நின்றால் உட்கார முடியவில்லை. தைலம் தடவிய கையால் தெரியாமல் கண்ணைக் கசக்கி ஒரு நாள் முழுக்க அழுதேன். நீ குளிரில் வெறுங்கையோடு இரும்பைத் தொடாதே.

அளவு கேட்டிருந்தாய். நீளம் பதினெட்டு அடி, அகலம் பதினொன்றே கால். ஜன்னல் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. தெற்கு மூலைக் கசிவு இன்னும் இருக்கிறது.

வருகிறேன் என்கிறாய். சந்தோஷம். ஆனால் நன்றாக யோசித்துச் செய், செப்டம்பர் வரைக்கும் நேரம் இருக்கிறதே. நீ விட்டுப்போன மாதிரி இங்கே எதுவும் இல்லை. தொழிற்சாலையை நவம்பரில் மூடிவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் எல்லோரையும் ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டேன், எழுதினேன். வேறொன்றும் இல்லை.

முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சர், சொந்தத் தம்பிக்கு ஒரு பக்கம் எழுத நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். வயசாகிவிட்டது போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தைலக் கதையைப் படித்து அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில் கிரேன்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று எழுந்து வந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய அளவை வைத்து ஷெட்டைக் காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டேன். காலையில் பல் விளக்கும்போதே அதற்குள் நடமாடிவிட்டு வருகிறேன். இப்போது கேள்.

தெற்கு மூலையிலிருந்து தரை முழுக்கச் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட வேண்டும். ஈரம் ஏறக் கூடாது. உப்புத்தாள் தேய்க்கிற பெஞ்சு வாசல் பக்கம், பெயிண்ட் அடிக்கிற மேசை உள்பக்கம், நடுவில் ஒரு தடுப்பு. காயாத பெயிண்ட் மேல் மரத்தூள் விழுந்தால் மீனுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். ஜன்னலுக்குக் கீழே செதுக்குகிற மேசை. அதில் மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். இது முக்கியம்: வைஸுக்கு வலப்பக்கம்தான் ஆள் உட்கார வேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்து நாக்குக்கு வெட்டினால் வெட்டு ஒரு மயிரிழை சரியும். மீன் தண்ணீரில் வாளி தூக்கிப் போகிறவன் மாதிரி இடப்பக்கமாகவே சாய்ந்து போகும். நம் வீட்டில் ஒருவன் அப்படித்தான் செய்த மீனையெல்லாம் கெடுத்தான். எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு அந்தப் பக்கம்தான் வசதி. யாரென்று உனக்கே தெரியும்.

லீவில் ஊருக்கு வரும் கிரேன்காரரிடம் நாக்குக்கான பிளாஸ்டிக் தகடும், எஃகுக் கம்பியும், கடை ஜன்னலில் பொம்மையைச் சுற்ற வைக்கிற சின்ன மோட்டார் ஒன்றும் கொடுத்து அனுப்புகிறேன். பூச்சு அடித்த மீன்களை ஒரு சக்கரத்தில் மாட்டி அந்த மோட்டாரால் மெதுவாகச் சுற்றவிட்டால், பூச்சு ஒரு பக்கமாக வழியாது.

உன்னால் இதெல்லாம் முடியாது. நல்ல தச்சராக ஒருவரைப் பிடி. வாய் பேசுகிறவராக வேண்டாம், கை பேசுகிறவராகப் பார்.

தைலப் பக்கம் போகும்போது கண்ணை மூடிக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. வெயிலில் முழங்கால் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது. நீ அனுப்பியதெல்லாம் ஒன்றும் உடையாமல் வந்து சேர்ந்தது. கிரேன்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார். தலையில் பாதி முடி இல்லை என்பதை மட்டும் நீ எனக்கு எழுதவில்லை.

தச்சர் ஒருவர் கிடைத்துவிட்டார். நீ கேட்டபடி அதிகம் பேசாதவர். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறார். "செவுத்தை ஒட்டிப் போட்டா ஈரம் நேரா பலகைக்கு வந்துடும்" என்றார். நீ சொன்ன இரண்டு பெஞ்சையும் இடம் மாற்றிவிட்டார். "காத்து வாசல் வழியாத்தான் உள்ள வருது. வாசல்கிட்ட தேய்ச்சா தூசி மொத்தமும் பெயிண்டுக்குத்தானே போகும்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும். நீ கோபிக்க மாட்டாய் என்று சரி சொல்லிவிட்டேன்.

உன் மோட்டாருக்குச் சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். கம்பிக்குக் கம்பி பன்னிரண்டு மீன் மாட்டலாமாம். சும்மா சுற்றவிட்டுப் பார்த்தோம். எனக்குத் தலை சுற்றியது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வேலை செய்கிற இடத்தில் தலைக்குத் தொப்பி போட்டுக்கொள், வெயில் நேராக இறங்கும்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தலையில் முடி இல்லாதது ரகசியம் இல்லை, நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மற்றபடி உடம்பு தெம்பாக இருக்கிறது.

அந்தத் தச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். காற்று வாசல் வழியாக வருவதை நான் எப்படி மறந்தேன்? அந்த ஷெட்டிலேயே வளர்ந்தவன் நான்! முன்பின் பார்க்காத மனிதர் பத்து நாளில் கண்டுபிடித்துவிட்டார். கிரேன்காரர் இன்னும் ஊரில்தானே இருக்கிறார், அதனால் உன் கடிதத்தை எதிர்க் கட்டில்காரருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறைக்கு அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அக்கா. நான் ஒன்று சொல்ல, எதிரில் இருப்பவர் அதைப் புரிந்துகொண்டு அதைவிட ஒரு படி மேலே சொல்ல, இப்படி வேலையைப் பற்றி ஒருவரோடு பேசிப் பல வருஷம் ஆகிறது. இங்கே எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் பேச்சு சம்பளத்தில் ஆரம்பித்து லீவில் முடிந்துவிடும். டிசம்பருக்குப் பிறகும் அவருக்கு இஷ்டம் இருந்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். அவர் செதுக்கட்டும், நான் பெயிண்ட் பார்க்கிறேன். செதுக்குகிற மேசைக்கு இரண்டு ஸ்டூல் செய்யச் சொல்.

இப்போது அவரிடம் ஒரு கேள்வி கேள். இரண்டு பாட்டில் பசையைக் கலந்து மீன்மேல் அடிக்கிற எபாக்ஸி பூச்சு, மழை மாதங்களில் காற்றில் இருக்கும் ஈரத்தால் பால் மாதிரி வெளுத்துப்போகும். சக்கரம் சுற்றினால் வழியாது, ஆனால் வெளுப்பதை அது தடுக்காது. வருஷம் முழுக்க ஓட வேண்டும் என்றால் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். நான் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அவர் என்ன சொல்கிறார்?

மாடிப்படி ஏறாதே. சொன்னால் கேள்.

உன் தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எனக்குச் செய்தி சொல்லிவிட்டது. உனக்கு இருமல் எதுவும் இல்லையே?

உன் கேள்விக்குப் பதில்: நம் பழைய ஃபிரிட்ஜ். செத்துப்போய்ப் பின்கட்டில் கிடந்ததே, அதை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், உள்ளே இருந்த தட்டையெல்லாம் கழற்றி, சைக்கிள் சக்கரத்தை அதற்குள் பொருத்தி, அடியில் ஒரு குண்டு பல்பு போட்டிருக்கிறார். கதவைச் சாத்தினால் உள்ளே சூடாகவும் உலர்ந்தும் இருக்கிறது. ஒரு வாரம் அடைமழை. ஒரு மீன்கூட வெளுக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. விடிகாலை ஐந்து மணிக்கே ஷெட்டில் உளிச் சத்தம் கேட்கிறது. மழைச் சத்தத்தோடு அது கேட்கும்போது, இந்த வீட்டில் மறுபடி ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

முதலில் சரியாக வந்த மீனைக் கிரேன்காரர் திரும்பி வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். நீ சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

ஸ்டூல் இரண்டும் தயார்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தில் வரவில்லை. நீ நேரில் வந்தால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

வெந்நீரே குடி.

அக்கா


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நலம்.

மீன் ஜூலை இருபதாம் தேதியே வந்து சேர்ந்தது. பூச்சு சுத்தம். கண் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறது. கம்பி கோத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பம்ப் ஹவுஸ் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்தவர்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "நம்ம பொய்மீன் கம்பெனியோட முதல் சரக்கு!" என்று கைதட்டினார்கள். மீன் அழகாக நெளிந்தது. நெளிந்துகொண்டே இடப்பக்கமாகச் சாய்ந்தது. திரும்ப இழுத்தேன், திரும்பவும் அப்படித்தான் போனது. ஆறு முறை இழுத்தேன். எல்லோரும் போன பிறகும் இழுத்தேன்.

தச்சருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இனிமேல் எபாக்ஸியைச் சரிபாதியாகக் கலக்க வேண்டாம். மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு கெட்டியாக்கி போட்டுக் கலக்கச் சொல். இதை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல், அவருக்குப் படித்துக் காட்டு. அவர் என்ன சொல்கிறாரோ அதை உடனே எழுது.

செப்டம்பர் முப்பது நெருங்குகிறது.

தம்பி


செப்டம்பர் 21

அண்ணா,

'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ மேலதிகாரிக்கு எழுதுகிற மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கடிதங்களிலிருந்தே தெரியும். நானும் பரவாயில்லை.

மூன்றுக்கு ஒன்று கலந்தால் அது ஜென்மத்துக்கும் காயாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிய வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்ட எட்டு மீனுக்கும் தெரியும். நீ விளையாட்டுக்குச் சொன்னதை நம்பிக் கலந்தவன் நான். அடி வாங்கியவனும் நான். உலகத்தில் வேறு எந்தத் தச்சனும் இதைக் கேட்டால் "உங்க தம்பிக்கு வேலை தெரியல" என்று சொல்லியிருப்பான். அக்கா படித்து முடித்ததும் நான் உளியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன்டா?" என்றாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

தொழிற்சாலையை மூடிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னபோது என் வீட்டுக்காரி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கே இடம் இல்லை. டிசம்பரிலிருந்து ஷெட்டில்தான் இருக்கிறேன். பெயிண்ட் மேசைக்குப் பின்னால் கட்டில் போட்டிருக்கிறேன். நீ வரைந்த படத்தில் அது இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. அக்கா எழுதியிருக்க மாட்டாள், எழுதவும் மாட்டாள். டிசம்பரிலேயே ஷெட்டை என் பெயருக்கு எழுதிவிட்டாள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் ஜனவரிக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

உன் ஒவ்வொரு கடிதத்தையும் அக்கா ஷெட் வாசலில் நின்றுகொண்டு பாடம் நடத்துகிற மாதிரி படிப்பாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னால், "அது உனக்கும் அவனுக்கும்டா" என்று சொல்லி நின்றுகொண்டே இருப்பாள். இரண்டு ஸ்டூல் செய்யச் சொல்லி நீ எழுதியதைப் படித்த அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஸ்டூலைச் செய்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

லாரியில் ஏறியதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது சொன்னால் ஷெட்டுக்காகச் சொல்கிற மாதிரி இருக்கும். அதனால் சொல்லவில்லை.

நீ வந்தால் கட்டிலை எடுத்துவிடுகிறேன்.

சின்னவன்


செப்டம்பர் 22

என் அருமைத் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். தூங்குகிறாயா?

அவன் எழுதியதைப் படித்திருப்பாய். அவன் மேல் கோபப்படாதே. பொய் சொன்னது நான். தச்சர் என்று எழுதிய கை என்னுடையது.

அன்றைக்கு அவன் ஒரு கையில் சமையல் பாத்திரம் வைத்த பையும், இன்னொரு கையில் சுருட்டின பாயுமாக வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று நான் சொல்கிற வரைக்கும் செருப்பைக் கழற்றவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவன் தெருவில் நிற்பானே என்று பயந்தேன். உனக்கு வேலை இருக்கிறது, அறை இருக்கிறது, நீ எதையும் கேட்கிறவன் இல்லை என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபது நாள் கழித்து உன் கடிதம் வருகிறது. இல்லையடா, கொடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான்கு தாள் கிழித்தேன் என்று சொன்னேனே, நாலிலும் அந்த வரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நீ நம்புவாயோ மாட்டாயோ. உன் கடிதத்தைப் படிக்கிறேன், அவன் சிரிக்கிறான். "காத்து எந்தப் பக்கம் வருதுன்னு இவனுக்கு எப்பவுமே தெரியாது" என்கிறான். அதை உனக்கு எழுதுகிறேன், நீ அங்கே சந்தோஷப்படுகிறாய். பதினாலு வருஷத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறதைக் கேட்டேன், தம்பி. நடுவில் நான் ஒரு குழாய் மாதிரி நின்றேன். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. நீ வந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

வா. உன் கட்டிலை என் அறையிலாவது போடுகிறேன். முப்பதாம் தேதி 'இல்லை' என்றே கையெழுத்துப் போட்டுவிட்டு வா.

அக்கா


அக்டோபர் 2

அக்கா,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

முப்பதாம் தேதி மேனேஜர் அறைக்குப் போய் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "மீன் கம்பெனி என்னாச்சுப்பா?" என்று கேட்டார். "தண்ணி பத்தல சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவைக்கத் தெம்பில்லை. என் கூட இருக்கிறவர்கள் ஒரு தகரத்தில் 'பொய்மீன் பட்டறை' என்று சிவப்புப் பெயிண்டில் பெயர்ப்பலகை எழுதிப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கிரேன்காரர் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நல்ல மனிதர்.

என் வயிற்றெரிச்சல் ஷெட்டுக்காக இல்லை. அவன் தெருவில் நிற்கிறான், கொடுத்துவிட்டேன் என்று ஜனவரியில் எழுதியிருந்தால் நான் குதித்திருப்பேன், திட்டியிருப்பேன், இரண்டு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாவது மாதம் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதியிருப்பேன். உனக்கு என்னைத் தெரியாதா?

லாரியில் போனவன்கூடப் பரவாயில்லை. கேட்டைத் தாண்டும்போது காற்றில் தார்ப்பாய் விலகியது. அவன் என் முகத்தைப் பார்த்தான், நானும் பார்த்தேன். செய்ததை என் கண் முன்னால் செய்தான். நீ ஒன்பது மாதம் எனக்குக் காதில் பூ சுற்றினாய். ஒருவரோடு இப்படிப் பேசிப் பல வருஷம் ஆகிறது என்று உனக்கு எழுதினேனே, அது உனக்கு மட்டும் எழுதியது. அதை அவன் முன்னால் நின்று சத்தமாகப் படித்திருக்கிறாய். தொட்டியில் அந்த மீன் சாய்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வரிதான். பத்துப் பேர் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையில்லாமல் நிற்கிற மாதிரி கூசிப்போய் நின்றேன்.

பொய்மீன் செய்கிறவனுக்கே பொய்மீன் போட்டாய், அக்கா. நானும் கவ்வினேன்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் படித்தேன். எது உன் வரி, எது அவன் வரி என்று பிரித்துப் பார்த்தேன். தொப்பி போட்டுக்கொள், வெந்நீர் குடி என்பதெல்லாம் உன்னுடையது. நான் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்ந்ததெல்லாம் அவனுடையது. இதற்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் வரவில்லை. டிசம்பரிலும் இல்லை, மூன்று வருஷம் கழித்தும் இல்லை. பட்டறை வேண்டுமென்றால் வேறு எங்காவது ஒரு கூரை பார்த்துக்கொள்வேன். கட்டிலை உன் அறையில் போட வேண்டாம்.

இந்தக் கவரில் இன்னொரு தாள் இருக்கிறது. அது உனக்கு இல்லை. படிக்காமல் அவன் கையில் கொடு. இந்த ஒரு முறையாவது.

தம்பி


அக்டோபர் 2

சின்னவனுக்கு,

மீன் சாய்வதற்குக் காரணம் நாக்கு இல்லை, நீ உட்காருகிற இடம். வைஸுக்கு இன்னும் இடப்பக்கம்தான் உட்காருகிறாய். வலப்பக்கம் மாறு. முதல் வாரம் கை கேட்காது, பிறகு பழகிவிடும். ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறதைத் தூக்கிப் போடாதே. நாக்கின் இடது ஓரத்தை உப்புத்தாளில் நான்கு இழுப்பு இழு, அதற்கு மேல் வேண்டாம். நேராகப் போகும். குளிர் வந்ததும் பசை இறுகும். கலப்பதற்கு முன்னால் இரண்டு பாட்டிலையும் வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்து. சரிபாதி.

ஃபிரிட்ஜ் யோசனை நன்றாக இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

கட்டிலை எடுக்க வேண்டாம். நீயே இரு.

இரண்டாவது ஸ்டூலை அக்காவுக்குப் போடு. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் நின்றே படித்திருக்கிறாள், நீயும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். இனிமேல் படித்துக் காட்ட ஒன்றும் வராது. சும்மா உட்காரட்டும்.